இணைப்பு: ஒன்று

செம்மாண்டக்காடு பிரிவு என்றால்
பல்லடம் பஸ் கண்டக்டருக்குத் தெரியும்.
கலெக்டர் ஆபீசில் தெரியவில்லை.
அங்கே பிரிவு என்றால் ஒரு மேசை.
"எந்தப் பிரிவுக்கு வந்தீங்கம்மா?"
"செம்மாண்டக்காட்டுப் பிரிவுக்குங்க."
சிரித்துவிட்டு
'சி'க்குப் போகச் சொன்னார்.

ஓவர்லாக் மிஷினை விட்டு
ஐந்து திங்கட்கிழமை போனேன்.
ஐந்து ஷிப்ட் கூலி, ஐந்து ஒப்புகைச் சீட்டு.
சீட்டில் எண் மட்டும்
ஒவ்வொரு வாரமும் பெருத்துக்கொண்டே போனது.

கூட வந்தது
பஞ்சர் கடை பொன்னுக்குட்டி,
பால் சொசைட்டி ரங்கநாயகியக்கா,
மாவுக்கட்டோடு அவள் கொழுந்தன்,
எங்கள் லைன் வீட்டு பிகாஷ்.
அவன் ஒடிசா எழுத்தில் போட்ட கையெழுத்தை
எழுத்தர் தலைகீழாகவும் பார்த்தார்.
"இது யாரு?"
"ரோட்டைத் தாண்டி வேலைக்குப் போறவனுங்க."

கேட்டது ஒரு வேகத்தடை.
முழங்கால் உயரம்கூட வேண்டாம்,
சாயப்பட்டறை டேங்கர்
ஒரு மூச்சு யோசிக்கிற உயரம்.

பஞ்சாயத்தில் கேட்டால் ரோடு ஹைவேஸ்காரரது.
ஹைவேஸில் கேட்டால்
எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம்தான் அவர்களது.
கல் எங்கே என்று பார்க்க வந்தார் ஒருவர்.
கல்லைப் போன ஆடியிலேயே
ஒரு கண்டெய்னர் பெயர்த்துப் போட்டுவிட்டது.
அதை நாங்கள்
துணி துவைக்க வைத்திருந்தோம்.
சொல்லவில்லை.

போலீஸ் ஸ்டேஷனில்தான் ஒழுங்காகக் கேட்டார்கள்.
கட்டம் போட்ட தாள்.
காயம்: எழுதினோம்.
கால் ஒன்று, வெள்ளாடு இரண்டு, பால் கேன் ஏழு.
உயிரிழப்பு?
"இல்லைங்க."
பேனாவை மூடி வைத்தார்.
கெட்டவரில்லை. டீ வாங்கித் தந்தார்.
"இல்லீன்னா லிஸ்ட்ல வராதும்மா" என்றார்,
எங்கள் நல்ல காலத்துக்கு
வருத்தப்படுகிற குரலில்.

திரும்பி வரும்போது யாரும் பேசவில்லை.
பஸ்ஸில் ஒவ்வொரு தலையாக எண்ணினேன்.
எண்ணியதற்குப் பிறகு
என்னையே திட்டிக்கொண்டேன்.

மாசியில் பக்கத்து ஊரில் தார் போட்டார்கள்.
மிச்சத் தாரை டிரைவர்
கொட்டிவிட்டுப் போகத்தான் இருந்தார்.
பொன்னுக்குட்டி போய்ப் பேசினான்.
ராத்திரி பதினொன்று.
ஜல்லி, சட்டி, நாலு மண்வெட்டி.
தண்ணீர் நிரப்பிய டிரம்மை
மேலும் கீழும் உருட்டினோம்.
பிகாஷ் வீட்டுக்கு அடித்த வெள்ளையில் மீதி இருந்தது.
கம்பெனியில் கழித்த பனியன் துணியில் தோய்த்து
ஏழு பட்டை போட்டேன்.
கோணல்தான்.
இருட்டில் நேர்க்கோடு
அவ்வளவுதான் வரும்.

முதல் டேங்கர் நாலரைக்கு வந்தது.
பிரேக் பிடித்தது.
கெட்ட வார்த்தை ஒன்று
ஜன்னல் வழியாக விழுந்தது.
ரங்கநாயகியக்கா, "மகராசனா இரு சாமி" என்றாள்.

ஒன்பதாம் நாள் தபால்.
ஐந்து மனுவுக்கு வராத பதில்
மனுவே போடாததற்கு வந்திருந்தது.
பஞ்சர் கடையில் வைத்துப் படித்தேன்:
'இத்துறைக்குச் சொந்தமான சாலையில்
அனுமதியின்றி அமைக்கப்பட்ட வேகத்தடையை
ஏழு நாட்களுக்குள் அகற்றத் தவறினால்...'

"நில்லு.
மறுக்கா படி, அந்த மொத வரிய."

இத்துறைக்குச் சொந்தமான.

"இன்னொருக்கா."

முத்திரை இருந்தது. தேதி இருந்தது.
பச்சை மையில் கையெழுத்தும் இருந்தது.
கொழுந்தன்காரன் மாவுக்கட்டில்
தாளம் போட்டான்.

இருபது ஜெராக்ஸ் எடுத்தோம்.
அசலை லேமினேஷன் செய்து
பால் சொசைட்டி பீரோவில் வைத்துப் பூட்டினாள் அக்கா,
பட்டா மாதிரி.

நாளைக்குத் திங்கட்கிழமை. ஆறாவது மனு.
உயிரிழப்புக் கட்டத்தில்
இந்த முறையும் 'இல்லை'.
முன்னால் 'இதுவரை' சேர்க்கலாம் என்றான் பொன்னுக்குட்டி.
வேண்டாம் என்றுவிட்டேன்.
தாளின் அடியில் மட்டும்
புதிதாக ஒரு வரி:
இணைப்பு: ஒன்று.

ஏழு நாளில் இன்னும் இரண்டு இருக்கிறது.
பட்டை அதற்குள் மங்கிவிட்டது.
வெள்ளை தீர்ந்துபோனதால்
பிகாஷ் நீலம் கலக்கிக்கொண்டிருக்கிறான்.